பூமாரி உபயம்

எஞ்சின் மறுபடியும் அணைந்தபோது நல்லதம்பியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. ரிமோட்டும் கையுமாக நின்ற என் தம்பி சஜீவனைப் பார்க்கவில்லை. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்ற எங்கள் அப்பாவையும் பார்க்கவில்லை. மணியைப் பார்த்துவிட்டுக் கோயில் பக்கம் திரும்பி, "அம்மன் தேரில ஏறப்போறா. இனி நேரமில்லை," என்றார். யாரிடம் சொன்னார் என்பது அந்த அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் எங்கள் ஊரான ஐந்தாம் வாய்க்காலின் அம்மன் கோயில் தலைவர். அன்று தேர்த் திருவிழா. தேர் மேற்கு வீதிக்கு வரும்போது வானத்திலிருந்து அம்மனுக்குப் பூச்சொரிய வேண்டும். அதற்குத்தான் இந்த விமானம். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் அதன் சிறகு. தம்பி கட்டாரில் வேலை செய்த காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் இந்தச் சின்ன விமானங்களைப் பறக்கவிடுகிற ஆட்களோடு சேர்ந்து பழகியவன். ஊருக்கு வரும்போது மற்றவர்கள் ரீவி கொண்டுவருவார்கள். இவன் எஞ்சினையும் ரிமோட்டையும் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தான். உடம்பை இங்கே ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் வெட்டிச் செய்தோம். வயிற்றுக்குக் கீழே ஒரு பெட்டி. ரிமோட்டில் ஒரு விசையைத் தட்டினால் பெட்டியின் அடி திறந்து பூவிதழ் கொட்டும்.

பறக்கவிடுவது அவன். எஞ்சின் என் பொறுப்பு. கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற கடையில் நான் வேலை. முகத்தில் கிறீஸோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற தனுஷா என்றால் வாய்க்கால் முழுக்கத் தெரியும். கோபக்காரி என்பதும் தெரியும்.

உபயம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு காரியமும் ஒரு குடும்பத்தின் பேரில் இருக்கும். கொடியேற்றம் இன்னார், சப்பறம் இன்னார், தேர் வடம் இன்னார் என்று. ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் வருடா வருடம் அந்தக் குடும்பத்துக்குத்தான். தகப்பனுக்குப் பிறகு பிள்ளை, பிள்ளைக்குப் பிறகு அதன் பிள்ளை. எங்கள் பேர் எதிலும் இருந்ததில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சாக்குப் பையோடு ஓடிவந்தவர் அப்பா. வாய்க்காலின் தலைப்பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய நல்லதம்பியர் போன்றவர்களின் வயல்கள். கடைசி முனையில், இரணைமடுக் குளம் திறந்தாலும் தண்ணீர் வந்து சேருமோ சேராதோ என்கிற இடத்தில், எங்கள் ஆட்கள். சண்டை முடிந்து எல்லாரும் திரும்பி வந்தபோது கோயில் இருந்த இடத்தில் கல்லும் பற்றையும்தான் கிடந்தன. அத்திவாரம் வெட்டியது அப்பா. மணல் சுமந்தது அம்மா. தேர் இழுக்கும்போது வடத்தின் முன்பக்கம் பிடிக்கிற கைகள் எல்லாம் எங்கள் முனைக் கைகள். திருவிழா நோட்டீஸில் மட்டும் எங்களுக்கு இடமில்லை.

இந்த வருடம் இருந்தது. 'பூமாரி உபயம்: பொன்னையா குடும்பம்.' கடைசிப் பக்கத்தில் கடைசி வரி. அப்பா அந்த நோட்டீஸை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எழுத்துக்கூட்டி வாசிக்கிற மனுசன், அந்த வரியை மட்டும் ஒரே மூச்சில் வாசிப்பார். கேட்கிறவர்களுக்கும் வாசிப்பார், கேட்காதவர்களுக்கும் வாசிப்பார்.

நல்லதம்பியர் இதற்கு மனம்வைத்துச் சம்மதித்தவர் அல்ல. ஊர் இளந்தாரிப் பெடியன்கள் கோயில் கூட்டத்தில் கேட்டுவிட்டார்கள், மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "தேரண்டு காலமை என்ரை கண்ணுக்கு முன்னால அணையாமல் ஓடிக் காட்டவேணும். உச்சத்திலயும் ஓடவேணும், ஆறுதலாயும் ஓடவேணும். நிண்டுபோச்செண்டால் ட்ரோன் இருக்கு. பூமாரி உபயமும் ட்ரோன் பிடிச்ச ஆளின்ரை பேருக்குப் போகும்." காசு கொடுத்து ட்ரோன் பிடித்த ஆள் லண்டனில் இருக்கும் அவருடைய மருமகன்தான். நெளுக்குளத்துப் பெடியன் மதுசன் ட்ரோனோடு காலையிலேயே வந்து, வயல் வரம்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதில் சாய்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். அவன்மேல் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அந்தச் சோடாப் போத்தலைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஆறுதலாக ஓடவேண்டும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எஞ்சின் உச்சத்தில் உறுமுவது பெரிய காரியம் இல்லை. பூப் போட வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, தாழ்ந்து, வீதிக்குப் பக்கத்து வயலுக்கு மேலால் வரவேண்டும். சனத்துக்கு மேலால் பறக்க மாட்டோம் என்று பொலிசில் எழுதிக் கொடுத்துத்தான் அனுமதி எடுத்தோம். இதழ்களைத் தேர்மேல் கொண்டுபோய்ச் சேர்ப்பது சோளகக் காற்றின் வேலை. அப்படித் தாழ்ந்து வருகிற நேரம் எஞ்சின் அணையாமல் மெல்லத் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் கடையில் அதை 'ஸ்லோ பிடிக்கிறது' என்போம். ஸ்லோ பிடிக்காமல் அணைந்துவிட்டால், இதழைக் கொண்டுபோகிற அதே சோளகம் விமானத்தையும் கொண்டுபோகும். வடம் பிடித்து நிற்கிற சனத்துக்குள் கொண்டுபோகும்.

தேருக்கு முதல் நாள் பின்னேரம் ஸ்லோ அருமையாகப் பிடித்தது. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டிக்டிக்கென்று ஓடியது. வாய்க்கால் சனமும் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. முதன்முதல் நாங்கள் எஞ்சினை ஓடவிட்ட அன்று ஆட்கள் வீட்டை விட்டு வெளியில் வந்து வானத்தைப் பார்த்தார்கள். சண்டைக் காலத்தில் தலைக்கு மேலே சுற்றிய 'வண்டு' என்கிற வேவு விமானத்தின் சத்தமும் இப்படித்தான் இருக்கும். அது சுற்றினால் பின்னால் செல் குண்டு வரும். அந்த நாளுக்குப் பிறகு தம்பி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் ஓடவிடுவான்.

தேரன்று காலையில் விமானத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். அம்மனுக்குப் பூச் சுமக்கிற வாகனம், பொட்டு வைக்காமல் போகலாமா. சைக்கிள் வாங்கினாலும் உழவு மெஷின் வாங்கினாலும் முதலில் சந்தனம் குங்குமம் வைத்துத்தானே வெளிக்கிடுகிறோம். வாசலில் நல்லதம்பியர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

அவர் சந்தனம் கொடுக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். தன்னுடைய ஆட்கள் வந்தால் விரலால் தொட்டு நெற்றியிலேயே வைத்துவிடுவார். எங்கள் முனை ஆட்கள் வந்தால் ஒரு கிள்ளுக் கிள்ளி, ஏந்திய உள்ளங்கையில் மேலேயிருந்து விழுத்துவார். கை படாது. வாயால் ஒரு குறையும் சொல்ல மாட்டார், சிரித்துக்கொண்டேதான் விழுத்துவார். எங்கள் ஆட்களும் கையை ஏந்திப் பழகிவிட்டார்கள். நான் மட்டும் அவரிடம் சந்தனம் வாங்குவதை விட்டு எத்தனையோ வருடம்.

அப்பா விமானத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். சுற்றிவர சனம். போனில் படம் எடுத்தார்கள். நல்லதம்பியர் மூக்கில் ஒரு பொட்டும் இரண்டு சிறகிலும் ஒவ்வொரு பொட்டும் வைத்தார்.

"எஞ்சினுக்கும் ஒரு பொட்டு வச்சுடுங்க ஐயா," என்றார் அப்பா. அப்பாவின் பேச்சில் மலைநாடு இன்னும் போகவில்லை.

நல்லதம்பியர் குனிந்து, மூக்குக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிற எஞ்சினின் முன்பக்கத்தில் பெருவிரலால் நன்றாக அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். அதன்மேல் குங்குமமும் வைத்தார். அப்பாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். நாங்கள் சுமக்கிற ஒரு பொருளில் அவர் கை பட்டுவிட்டது என்ற அந்தச் சந்தோசம் எனக்கு அழுகையையும் ஆத்திரத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. விமானத்துக்கு வைத்துவிட்டு நல்லதம்பியர் அப்பாவைப் பார்த்தார். கிள்ளி விழுத்துவதற்கு உள்ளங்கை இல்லை. இரண்டு கையிலும் விமானம். "பரவால்லீங்க ஐயா," என்று அப்பாவே முந்திக்கொண்டு விலகினார். கிண்ணம் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

அங்கேயிருந்து நேரே வயலுக்கு வந்தோம். சிறுபோகம் வெட்டி முடிந்த வயல், கால் வைத்தால் அறுத்த தாளின் ஒட்டுக்கட்டை குத்தும். காற்றாடியை விரலால் சுண்டிய ஒரே சுண்டலில் எஞ்சின் பற்றிக்கொண்டது. ரிமோட்டில் எஞ்சின் முறுக்கை முழுக்கக் கூட்டினான் தம்பி, காது அடைக்க உறுமியது. ஆமணக்கெண்ணெய்ப் புகை மணந்தது. குறைத்தான். கொஞ்ச நேரம் துடித்தது. பிறகு புகை தடித்து, சத்தம் கனத்து, இழுத்து இழுத்து, அணைந்துபோனது.

"அக்கா," என்றான் தம்பி.

"பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

இந்த எஞ்சினில் இருப்பது மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற பிளக் இல்லை. குளோ பிளக் என்று ஒன்று. உள்ளே மயிர் அளவுக்கு ஒரு கம்பிச்சுருள் இருக்கும். பற்றரியைத் தொடுத்தால் சிவக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு பற்றரியை எடுத்துவிடலாம்; தன் சூட்டிலேயே சுருள் சிவந்து நிற்கும். சுருள் பழுதானால் உச்சத்தில் ஓடும், ஸ்லோவில் குளிர்ந்து அணையும். அதுதான் என்று நினைத்துப் புதுப் பிளக் போட்டேன். உறுமியது. குறைத்ததும் அணைந்தது.

எண்ணெயைச் சந்தேகப்பட்டேன். மெதனோலில் ஆமணக்கெண்ணெய் கலந்து நாங்களே செய்கிற எண்ணெய் அது. மூடி சரியாகப் பூட்டாவிட்டால் மெதனோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழையதை ஊற்றிவிட்டுப் பூட்டியிருந்த புதுப் போத்தலை உடைத்தேன். அதே கதை. ரியூப்பைக் கழற்றி ஒரு நுனியை விரலால் அடைத்து, தண்ணீருக்குள் விட்டு, வாயால் ஊதிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. ரியூப்பில் ஓட்டை இல்லை.

கோயிலில் மேளம் உச்சத்துக்குப் போனது. ஒலிபெருக்கியில் யாரோ சனத்தை வடம் பிடிக்க வரச்சொன்னார்கள். வயல் வரம்பில் ஆட்கள் சேரத் தொடங்கிவிட்டார்கள். "தோட்டக்காட்டார் பிளேன் விடினமாம்," என்று, மலைநாட்டிலிருந்து வந்த எங்களை இளக்காரமாகச் சொல்கிற பேரைச் சொல்லி ஒரு குரல் கேட்டது, ஒருவர் சிரித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். சிரித்தவர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

"மதுசன், ட்ரோனை வெளியில எடும் தம்பி," என்றார் நல்லதம்பியர்.

மதுசன் சோடாவைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தான்.

சஜீவன் என் காதுக்குக் கிட்டக் குனிந்தான். "அக்கா, ஸ்லோ வேண்டாம். நான் உச்சத்திலயே கொண்டுபோய்ப் பூவைக் கொட்டிப்போட்டு வாறன். குறைச்சாத்தானே அணையும்."

"உச்சத்தில போனால் பூ அடுத்த வாய்க்காலிலதான் விழும். இறங்கேக்கை என்ன செய்வாய்? குறைக்காமல் இறங்குவியோ?"

"வயலுக்க போட்டு உடைப்பன். உடையட்டும். அப்பான்ரை பேர் நிக்கும்தானே."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பாரடா விசரா. வடத்தில முன்னுக்கு நிக்கிறது ஆர்? எங்கட சனம். விழுந்துதெண்டால் அவையின்ரை தலையிலதான் விழும்."

அவன் சொன்னதைச் செய்துபார்க்க எனக்கும் ஆசை வந்தது என்பதை அவனுக்குக் காட்டிக்கொள்ளவில்லை. அப்பா சேட்டுப் பைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, "அம்மன் பாத்துக்குவா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

முதலிலிருந்து திரும்பத் தொடங்கினேன். எஞ்சினை மூட்டி, குறைத்து, அது அணைவதற்கு முன்னால் எண்ணெய் போகிற ரியூப்பை விரலால் நெரித்தேன். எண்ணெய் காணாமல் தவிக்கிற எஞ்சின் என்றால் நெரித்த உடனே செத்துவிடும். இது சாகவில்லை. சத்தம் தெளிந்து, வேகம் ஏறி, அதற்குப் பிறகுதான் நின்றது. அப்படியென்றால் ஸ்லோவில் எண்ணெய் கூடிப்போகிறது, காற்றுக் காணாது. எண்ணெயையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேற்றரின் பக்கத்தில் காற்றுக்கென்று ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. அதை வெளியே திருப்பினால் ஸ்லோவுக்குக் காற்றுக் கூடப் போகும். கொஞ்சம் திருப்பினேன். மாற்றமில்லை. இன்னும் திருப்பினேன். மாற்றமில்லை. திருகாணி கையோடு கழன்று வருகிற அளவுக்குத் திருப்பினேன். அதே தடித்த புகை, அதே இழுவை.

அப்போதுதான் மண்டையில் தட்டியது. கதவை எவ்வளவு திறந்தாலும் காற்று வரவில்லையென்றால், கதவுக்கு வெளியே யாரோ சுவர் கட்டியிருக்க வேண்டும். அந்தத் திருகாணி திறந்து மூடுகிற ஓட்டை காபரேற்றரின் முன்பக்கத்தில் இருக்கிறது. ஊசி நுனி போகிற அளவு ஓட்டை. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஓட்டை இல்லை. அந்த இடத்தில் நல்லதம்பியரின் பெருவிரல் வைத்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமத்தோடு, எஞ்சின் சூட்டில் காய்ந்து கல்லாகிப்போய் இருந்தது. காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். பொட்டை யார் சந்தேகப்படுவார்கள்.

நகத்தால் சுரண்டப்போனேன். அப்பாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"தொடாத புள்ள. ஐயா கையால வச்சது."

"அப்பா, இதுதான் காத்தை மறிக்குது. இதுக்குக் கீழதான் ஓட்டை இருக்கு."

"வேற எடத்துல பாரு."

"எல்லா இடமும் பாத்திட்டன் அப்பா. வேற இடம் இல்லை."

பிடி தளரவில்லை. மண்வெட்டி பிடித்த கை, என் எலும்பு நொந்தது. அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. நான் சொன்னது சரியென்று தெரிந்தும் கையை விட அவரால் முடியவில்லை. அத்தனை வருடம் உள்ளங்கையில் விழுந்த சந்தனம், முதன்முதலாக எங்கள் பொருளில் விரல் பட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் போய் மகள் நகத்தால் சுரண்டினால்? அப்பாமேல் எனக்கு அவ்வளவு கோபமும் அவ்வளவு பாசமும் ஒரே நேரத்தில் வந்தது அன்றைக்குத்தான்.

"என்ன அங்க?" நல்லதம்பியர் கிட்ட வந்தார். பின்னால் சனமும் வந்தது.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "நீங்கள் வைச்ச பொட்டு ஐயா. காத்துப் போற ஓட்டையை மூடிப்போட்டுது. எடுத்தால் ஓடும்."

அவருடைய முகம் கறுத்தது. "ஓடாத எஞ்சினுக்கு அம்மன்ரை சந்தனத்தைச் சாட்டுறியோ பிள்ளை?"

"சாட்டேல்லை. எடுத்துக் காட்டுறன், பாருங்கோ."

"பூசையில வைச்ச பொட்டை அழிச்சுப்போட்டு அம்மனுக்கு மேலால பறக்க விடேலாது. அபசகுனம். இவ்வளவு சனம் பாக்க நான் வைச்சது." சனத்தைத் திரும்பிப் பார்த்தார். சிலர் தலையாட்டினார்கள். "பொன்னையா, நீயே சொல்லு. அழிக்கலாமோ?"

அப்பா அவரைவிட மூத்தவர். ஆனாலும் நல்லதம்பியர் அப்பாவை 'நீ' என்றுதான் எப்போதும் கூப்பிடுவார்.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. மெஷினுக்கு விரலால் வைக்கத் தெரிந்த உங்களுக்கு மனுசனுக்கு வைக்கத் தெரியாதா என்று கேட்கவே வாயைத் திறந்தேன். கேட்டிருந்தால் உபயமும் போயிருக்கும், அப்பா பிறகு அந்தக் கோயில் வாசலை மிதித்திருக்கவும் மாட்டார். ஆனாலும் கேட்கத்தான் போனேன்.

அப்பா என் மணிக்கட்டை விட்டார். விட்டுவிட்டு விமானத்துக்கு முன்னால் குந்தினார். பெருவிரல் நகத்தைப் பொட்டின் ஓரத்தில் கொடுத்து, சோற்றுப் பானையில் அடிப்பிடித்ததைக் கழற்றுகிற பதனத்தோடு, மெல்ல நெம்பினார். காய்ந்த சந்தனம் உடையாமல் குங்குமத்தோடு ஒரே பொருக்காகக் கழன்று வந்தது. எழுந்து நின்றார். அதை அப்படியே தன் நெற்றியில் வைத்து அழுத்தினார். வெயிலில் நின்ற மனுசன், நெற்றி முழுக்க வியர்வை. அந்த வியர்வையிலேயே சந்தனம் குழைந்து ஒட்டிக்கொண்டது.

"அழிக்கலீங்க ஐயா," என்றார். "எடம் மாத்தி வச்சிருக்கேன். நீங்க வச்சது, இங்கதான் இருக்கு."

நல்லதம்பியர் சனத்தைத் திரும்பிப் பார்த்தார். அதை நெற்றியிலிருந்து எடு என்று அவ்வளவு சனத்துக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது? முதலில் தலையாட்டியவர்கள் இப்போதும் தலையாட்டினார்கள்.

நான் சட்டைக் கைமடிப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்து ஓட்டையில் மிச்சமிருந்த சந்தனத்தைக் குத்தி எடுத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊதினேன். திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். அவசரத்தில் இரண்டு தரம் நழுவியது. "போடு," என்றேன் தம்பியிடம்.

உறுமியது. குறைத்தான். சத்தம் இறங்கியது, இறங்கியது, புகை மெலிந்தது. டிக்டிக்டிக் என்று ஓடத் தொடங்கியது. நான் எஞ்சினைப் பார்க்கவில்லை. நல்லதம்பியரின் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்தார். மேளம் கேட்டது, சனம் கேட்டது, அதற்கெல்லாம் அடியில் அந்தச் சின்னச் சத்தம் நிற்காமல் கேட்டது. அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். எவ்வளவு நேரம் பார்க்கப்போகிறார் என்று எனக்கு ஆத்திரம் ஏறியது. கடைசியில் கையைக் கீழே விட்டு, "சரி," என்றார். அதுவும் யாரிடம் என்று தெரியவில்லை. மதுசன் தானாகவே ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

தேர் மேற்கு வீதிக்குத் திரும்புகிறபோது தம்பி விமானத்தை எழுப்பினான். வயலுக்கு அந்தப் பக்கம் போய் உயர்ந்து, வளைந்து, எங்களை நோக்கி வந்தது. அவன் முறுக்கைக் குறைத்தான். விமானம் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. சோளகம் ஒரு பக்கமாகத் தள்ள, சிறகு சரிந்து வீதிப்பக்கம் இழுபட்டது. வடத்தின் முன்னால் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். எஞ்சின் ஒரு தரம் இருமியது.

"அணையாதை," என்று நான் சொன்னது சத்தமாகவே வந்துவிட்டது.

அணையவில்லை. தம்பி சிறகை நேராக்கினான். வரம்புக்கு மேலே வந்ததும் விசையைத் தட்டினான். செவ்வரத்தை, அலரி, செவ்வந்தி, அம்மா விடிய எழும்பி உதிர்த்த இதழ் எல்லாம் கொட்டின. பாதி வயலில் விழுந்தது. மீதியைக் காற்று அள்ளிக்கொண்டுபோய்த் தேர் முடியிலும் அம்மனிலும் வடம் பிடித்த தலைகளிலும் போட்டது. அரோகரா என்று வீதி முழுக்க எழும்பியது. தம்பி முறுக்கைக் கூட்ட, விமானம் ஒரே இழுவையில் மேலே ஏறியது. நான் ஒட்டுக்கட்டைக்கு மேலேயே குந்திவிட்டேன். அப்பாவைத் தேடினேன். அவர் வானத்தைப் பார்க்கவில்லை, தேரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றார். அவர் தலையிலும் இரண்டு இதழ்.

தேர் சுற்றி வந்து இருப்பிடத்தில் நின்ற பிறகு கோயிலுக்குப் போனோம். வாசலில் நல்லதம்பியர் திரும்பவும் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். வரிசையில் எங்களுக்கு முன்னால் அப்பா. விமானத்தை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். எண்ணெய் வழிந்து முழங்கைவரை மினுங்கியது. நெற்றியில் அந்தப் பொட்டு பாதி கரைந்து இருந்தது.

நல்லதம்பியர் ஒரு கிள்ளுக் கிள்ளினார். கை உயர்ந்து வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றது. விழுத்துவதற்கு உள்ளங்கை இல்லை.

"தாங்கோ அப்பா, நான் பிடிக்கிறன்," என்று தம்பி முன்னால் வந்தான். நான் அவன் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். விமானத்தை நானும் வாங்கியிருக்கலாம், எனக்குக் கை சும்மாதான் இருந்தது.

காலையில் 'பரவால்லீங்க ஐயா' என்று விலகிப்போன மனுசன் இப்போது விலகவில்லை. விமானத்தைக் கீழேயும் வைக்கவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு சும்மா நின்றார். வரிசை பின்னால் நின்றது. ஐயர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நல்லதம்பியரின் விரல்களுக்கு நடுவில் சந்தனம் இருந்தது. அவர் அப்பாவின் நெற்றியைப் பார்த்தார், அங்கே ஏற்கெனவே இருந்த தன் பொட்டைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். விரல் அப்பாவின் நெற்றியில் பட்டது.

வைத்துவிட்டுக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டே, "வாற வருசம் எஞ்சினுக்குப் பொட்டு வைக்கிறேல்லை," என்றார்.

"வேணாங்க ஐயா," என்றார் அப்பா. "எனக்கு வச்சா போதும்."

பின்னால் நின்றவர்கள் இடித்தார்கள். நாங்கள் உள்ளே போனோம்.